ஒன்பது வருஷத்தில் பதினொரு கிளிக்

ஒளிப்படக் கலா மன்றத்தில் கெட்டவர்கள் என்று யாரும் கிடையாது. கெட்டவர்களாக இருந்திருந்தால் எதையாவது ஒன்றைச் செய்தாவது தொலைத்திருப்பார்கள்.

பல்செட்டுக்காரர் அவர்களிடம் போய்ச் சிக்கினது ஒரே ஒரு பல்லால்.

அவருக்குப் பல் செட் கட்டுகிற வேலை. பல் டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். கூடவே ஒரு சீட்டு, ‘மேல் வரிசை, ஆண், வயது 61’ என்று. இவர் அதைப் பிளாஸ்டரில் வார்த்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்தி, தேய்த்துப் பளபளப்பாக்கிக் கொடுத்துவிடுவார். முப்பது வருஷமாக ஊரில் பாதிப் பேர் இவர் தயவில்தான் மென்றுகொண்டிருக்கிறார்கள். அதில் ஒரு முகத்தைக்கூட இவர் பார்த்தது கிடையாது. அதனாலோ என்னவோ, ஞாயிற்றுக்கிழமையானால் செல்போனைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தம், முடிவெட்டும் கடை என்று முகம் பிடிக்கக் கிளம்பிவிடுவார்.

இந்தத் தடவை அச்சு வந்தது சொந்த அக்காவின் வாயிலிருந்து. அக்கா ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவர் சிரித்தால் இடதுபக்கத்துப் பல் ஒன்று மட்டும் சாய்ந்து, வரிசையை விட்டு எட்டிப் பார்க்கும். டிக்கெட் இல்லாமல் ஏறினவன் அந்தப் பல்லைப் பார்த்ததும் தானாகவே அடுத்த நிலையத்தில் இறங்கிவிடுவான். தம்பி அந்தக் கோணலை நினைவிலிருந்தே எடுத்து, மூன்று தடவை மெழுகைக் கலைத்து, அச்சு அசலாக வைத்துக் கொடுத்தார். அக்கா கண்ணாடியில் பார்த்தார்.

“அட, பழைய ராட்சசி திரும்பி வந்துட்டாளே!” என்று வாய்விட்டுச் சிரித்தார்.

தம்பி சட்டென்று செல்போனில் எடுத்தார். செல்போன் பல்லை நேராக்கிவிட்டது. வெள்ளையும் அடித்துவிட்டது. கன்னத்துச் சுருக்கத்தை இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டது.

“யாருடா இந்தப் பொம்பளை?”

“நீதான்க்கா.”

“நானா? சோப்பு விளம்பரத்துல வர்ற மாமியார் மாதிரி இருக்கா. அழி, அழி.”

அந்த அலங்கார வித்தையை எங்கே அணைப்பது என்று தேடிப் பிடித்து அணைத்தும் பார்த்தார். அணைத்த பிறகும் போன் தன் மனசுக்குப் பொறுக்காமல் பல்லை நேராக்கிக்கொண்டுதான் இருந்தது. அக்காவோ இன்னும் மூன்று வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல் தாண்டி மகன் வீட்டோடு போய்ச் சேரப் போகிறார். திரும்பி வருகிற பயணம் இல்லை அது. வீட்டையே ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போகிறார். போவதற்குள் அந்தச் சிரிப்பை, அந்தப் பல்லோடு, உள்ளது உள்ளபடி ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு நிஜக் கேமரா வேண்டும். பதினைந்து வருஷமாக ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போட்ட ஆசைக்கு இப்படி ஒரு காரணம் கிடைத்தது.

அந்த மாதிரிக் கேமரா விற்கிற கடை ஊரில் ஒன்றே ஒன்றுதான். கடைக்காரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“என்ன உபயோகத்துக்கு?”

“படம் எடுக்கத்தாங்க.”

கடைக்காரர் முகம் வாடிவிட்டது. “அதைச் சொல்லலை. சீரியஸா என்ன பண்ணப்போறீங்க?”

“எங்க அக்கா சிரிக்கிறதை எடுக்கணும்.”

“சரிதான்.” கடைக்காரர் ஒரு நான்கு பக்கப் படிவத்தை எடுத்துப் போட்டார். “இது சீரியஸ் கேமரா. எடுத்த எடுப்புல கையில குடுத்துட முடியாது. பொருள் கலா மன்றத்துக்குப் போகும். அங்க சோதிப்பாங்க. கேமராவையும் சோதிப்பாங்க, உங்களையும் சோதிப்பாங்க. ரெண்டும் தேறினா தகுதிக் கடிதம் குடுப்பாங்க. அப்புறம்தான் கை மாறும். நான்தான் மன்றத்துக்குப் பொருளாளர்.”

“அப்ப பணம்?”

“அதை இப்பவே வாங்கிக்குவேன். அதுக்குக் கடிதம் தேவையில்லை.”

பல்செட்டுக்காரர் நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். ரசீது மட்டும் அவர் பேரில் கைக்கு வந்தது. கேமரா, பெட்டி பிரிக்காமல், மன்றத்துக்குப் போயிற்று.

மன்றம் ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. உள்ளே போகும்போதே கையுறை கொடுத்தார்கள். ஜன்னல் எல்லாவற்றையும் இடுக்கு விடாமல் டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். சுவரோரம் கண்ணாடி அலமாரிகள். அதற்குள் மங்கிய விளக்கு வெளிச்சத்தில், குறைமாசக் குழந்தைகள் மாதிரி வரிசையாகக் கேமராக்கள். ஒவ்வொரு அலமாரியிலும் ஈரப்பதம் காட்டுகிற முள். ஈரம் ஏறினால் லென்ஸில் பூஞ்சை பூத்துவிடும் என்று பயம். கூட்டம் தொடங்கியதும் செயலாளர் எழுந்து முள்ளைப் பார்த்து, “நாற்பத்தைந்து!” என்றார். எல்லோரும் எழுந்து, “நாற்பத்தைந்து!” என்று சொல்லி உட்கார்ந்தார்கள்.

அறிமுகம் நடந்தது. பெயரை யாரும் கேட்கவில்லை.

“உங்க எண்ணிக்கை?” என்றார் செயலாளர்.

“என்ன எண்ணிக்கைங்க?”

“கேமரா ஒவ்வொரு கிளிக்கையும் எண்ணி வச்சுக்கும். மனுஷன் மறந்துடுவான், அது மறக்காது. நான் இருநூத்திப் பன்னண்டு.” குரலில் கொஞ்சம் கூச்சம் இருந்தது. “சின்ன வயசு. துடுக்குத்தனம். இவர் நம்ம தொழில்நுட்ப உறுப்பினர், தொண்ணூத்தாறு.” ஒரு ஒல்லியான மனிதர் தலையை லேசாக அசைத்தார். “அதோ, நம்ம தலைவர். ஒன்பது வருஷத்துல... பதினொண்ணு.”

கைதட்டல் எழுந்தது. கையுறைக் கைகளானதால் பொத்துப் பொத்தென்று மெத்தையைத் தட்டுகிற மாதிரிச் சத்தம்.

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். “பத்துன்னு சொல்லணும். பதினோராவது விரல் வழுக்கினது. அதை நான் எங்கயும் மறைச்சதில்லை.”

“பெரிய மனசு,” என்றார் பொருளாளர்.

பல்செட்டுக்காரருக்குப் புரியவில்லை. “அப்ப படம் எப்பங்க எடுப்பீங்க?” என்று கேட்டுவிட்டார்.

அறையே அவர் பக்கம் திரும்பியது. யாரோ இருமப் போனார். செயலாளர் கையைக் காட்ட, வெளியே போய் இருமிவிட்டு வந்தார்.

“புதுசு,” என்றார் தலைவர், மன்னிக்கிற தொனியில். “போகப் போகத் தெரியும்.”

தெரிந்தது இதுதான். மன்றத்துக்குப் பின்பக்கம் ஒரு செங்கல் சுவர் உண்டு. புதுக் கேமரா வந்தால் அந்தச் சுவரைத்தான் எடுக்க வேண்டும். எடுத்ததைத் திரையில் பெரிதாக்கி, நாலு மூலையிலும் செங்கல் தெளிவாகத் தெரிகிறதா, கோடு நேராக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தேறினால் கடிதம். தேறின கேமரா அலமாரிக்குப் போகும், தூசி படாமல், ஈரம் படாமல், விரல் படாமல்.

“மூலையில என்னங்க இருக்கு?” என்று கேட்டார் பல்செட்டுக்காரர்.

“செங்கல்.”

“நடுவுல?”

“நடுவை யாரும் பார்க்கிறதில்லை,” என்றார் தொழில்நுட்ப உறுப்பினர்.

முதல் வாரச் சோதனை நடக்கவில்லை. சுவர் மேல் யாரோ ஒரு சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அதை நகர்த்தி வைக்கலாமே என்று பல்செட்டுக்காரர் கை வைக்கப் போனார். ஐந்து பேர் அலறினார்கள். சோதனைக் களத்தில் உள்ள பொருளை நகர்த்த ஒரு துணைக்குழு உண்டு. அது மூன்று மாதத்துக்கு ஒரு தடவைதான் கூடும். சைக்கிளின் சொந்தக்காரருக்குச் சைக்கிளிலேயே ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். அவர் சாயங்காலம் வந்து, அறிவிப்பைக் கிழித்து அதிலேயே சங்கிலியைத் துடைத்துவிட்டு, ஏறிப் போய்விட்டார்.

வீட்டில் அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

“எங்கடா உன் கேமரா?”

“பெட்டியோட அலமாரியில இருக்குக்கா.”

“யார் வீட்டு அலமாரியில?”

“மன்றத்துல. இன்னும் சுவர் எடுக்கலை.”

“நீ சுவர்னு எப்படா சொன்னே? பல்லுன்னுதானே சொன்னே?”

“முதல்ல சுவர்க்கா. அப்புறம்தான் பல்லு.”

அக்கா ஒரு போர்வையை மடித்து முடிக்கும் வரை அவரையே பார்த்தார். “நீ சின்ன வயசுலயும் இப்படித்தான். வரிசையில நிக்கச் சொன்னா, கதவு எந்தப் பக்கம்னுகூடப் பார்க்காம நின்னுடுவே.”

இரண்டாவது வாரமும் சோதனை இல்லை. அந்த வாரம் ஆண்டுக் கண்காட்சி. நாற்பத்திரண்டு படங்கள் மாட்டியிருந்தார்கள். நாற்பத்திரண்டும் அதே சுவர். பார்க்க வந்தவர்கள் பல்செட்டுக்காரரும், வழி தவறி மாடியேறிய செருப்புக் கடை வாடிக்கையாளர் ஒருவரும். அவர் ஒரு காலில் பழைய செருப்பும் ஒரு காலில் புதுச் செருப்புமாக மூன்று படங்களைப் பார்த்தார், “வீடு வாடகைக்குங்களா?” என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். முதல் பரிசு தலைவருக்கு, கீழ் இடது மூலைக்காக. நடுவரும் தலைவர்தான். “என்னை விடக் கறாரான நடுவர் கிடைக்கலை,” என்று அவரே வருத்தப்பட்டார்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை பல்செட்டுக்காரர் வாயைத் திறந்து கேட்டேவிட்டார். ஞாயிற்றுக்கிழமை விமானம். ஒரு மணி நேரம், ஒரே ஒரு மணி நேரம், கேமராவை வெளியே விடுங்கள், அக்காவை ஒரு படம் எடுத்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன் என்றார். சொந்தக் கேமராவைக் கடன் கேட்கிறோம் என்பது அவருக்கே அப்போது உறைக்கவில்லை.

சிறப்புக் கூட்டம் போட்டார்கள்.

“மனுஷங்க அசைவாங்க,” என்றார் தொழில்நுட்ப உறுப்பினர். “அதுதான் அவங்ககிட்ட இருக்கிற அடிப்படைக் குறை.”

“சிரிக்கிறவங்க இன்னும் மோசம்,” என்றார் செயலாளர். “முகத்துக்கு மூலையும் கிடையாது. எதை வச்சு மதிப்பெண் போடறது?”

தலைவர் எழுந்தார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“தம்பி, உங்க உணர்ச்சி புரியுது. நானும் அப்பன்தான். என் மக கல்யாணத்துல இந்தக் கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் நின்னேன். மூடியைக் கழட்டலை. மண்டபம் பூரா ஜனம், மூச்சுக்காத்து. ஈரப்பதம் எழுபதைத் தாண்டிடுச்சு. ‘அப்பா, ஒண்ணே ஒண்ணு எடுப்பா’ன்னு மக கேட்டா. மாப்பிள்ளையும் கேட்டாரு. நான் அசைஞ்சு குடுக்கலை. ஆறு வருஷமாச்சு, மக என்கூடப் பேசறதில்லை. பேத்தி பொறந்திருக்காளாம், பார்த்தவங்க சொல்றாங்க.” தலைவர் குரலை உயர்த்தினார். “ஆனா என் லென்ஸ்ல இன்னிக்கு வரைக்கும் ஒரு பொட்டுப் பூஞ்சை கிடையாது!”

பொத்துப் பொத்தென்று கைதட்டல். பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையுறையை ஈரப்பதத்துக்காக உடனே மாற்றிக்கொண்டார்.

பல்செட்டுக்காரர் எழுந்து போயிருப்பார். அப்போதுதான் செயலாளர் விதிப் புத்தகத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். சுவரின் உயரம் தெரிவதற்காக, முன்னால் ஓர் அளவுப் பொருளை நிறுத்தலாம் என்று விதி இருந்தது. வழக்கமாகக் குடையை நிறுத்துவார்கள்.

“குடைக்குப் பதிலா அக்காவை நிறுத்துங்க,” என்றார் தலைவர், தாராளமாக. “சனிக்கிழமை நாலு மணி. ஒரு கிளிக்.”

சனிக்கிழமை அக்கா வந்தார். வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஊரில் கடைசி வேலையாக வந்திருந்தார். சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள், நின்றார். தொழில்நுட்ப உறுப்பினர் அவர் தலைக்கு மேல் எத்தனை செங்கல் இருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டார். வாசலில் பெட்டி பிரித்து, துணி சுற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் கேமராவைக் கொண்டுவந்தார்கள். பல்செட்டுக்காரர் முதல்முதலாகத் தன் கேமராவைக் கையில் வாங்கினார். கனமாக இருந்தது.

“அம்மா, சிரிக்காதீங்க,” என்றார் செயலாளர். “சிரிச்சா அசைவீங்க.”

அக்கா நாலு பேரையும் அவர்களின் எட்டுக் கையுறைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

“ஏங்க, இங்க ஆபரேஷனா? யாருக்கு என்னத்தை எடுக்கப் போறீங்க?”

“அம்மா, குடை பேசாது.”

அவ்வளவுதான். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண் சுருங்கி, தோள் குலுங்கி, இடதுபக்கத்துப் பல் எட்டிப் பார்த்தது. தம்பி அழுத்தினார்.

மாடியில் திரை நிறைய அக்கா. பல்செட்டுக்காரர் மூச்சை விடவில்லை. சுருக்கம் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருந்தது. பல்லின் லேசான பழுப்பு, அவர் பல் நிறம் காட்டுகிற பட்டையில் ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்த அதே பழுப்பு. அந்தக் கோணல், இம்மி பிசகாமல். வாய்க்குள் கட்டிக் கொடுத்ததை முகத்தோடு சேர்த்து ஒரு படத்தில் அன்றைக்குத்தான் பார்க்கிறார்.

“சுவர் மங்கலா இருக்கு,” என்றார் தொழில்நுட்ப உறுப்பினர். “குறுக்கே ஒரு அம்மா நிக்கறாங்க.” திரைக்குப் பக்கத்தில் போனார். பாகைமானியை எடுத்துப் பல் மேல் வைத்தார். அவர் முகம் வெளுத்தது. “தலைவரே, இங்க பாருங்க. வரிசையில ஒரு கோடு சாயுது. ஏழு டிகிரி. லென்ஸ் வளைவு!”

“ஐயோ,” என்றார் பொருளாளர்.

“அது லென்ஸ் இல்லைங்க,” என்றார் பல்செட்டுக்காரர். “அந்தப் பல்லே அப்படித்தான். நான் வச்ச கோணல்.”

“தம்பி, இருபது வருஷமா மூலை பார்க்கிறேன். பக்கத்துப் பல்லெல்லாம் நேரா இருக்கு. ஒண்ணு மட்டும் சாயுதுன்னா அது லென்ஸ்தான். ஏழு டிகிரி.”

“ஏழரைங்க,” என்றார் பல்செட்டுக்காரர். தொழில் கௌரவம், வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

தலைவர் தீர்ப்புச் சொன்னார். குறையுள்ள கேமராவைத் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். வர மூன்று மாதம் ஆகும். குறையுள்ள படத்தை விதிப்படி உடனே அழிக்க வேண்டும். செயலாளர் கேமராவைக் கையில் எடுத்தார்.

“கொஞ்சம் இருங்க,” என்றார் அக்கா. இவ்வளவு நேரமும் நாற்காலியில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தவர். “உங்களுக்குப் பல்லு நேரா கோணலான்னு தெரியணும். அவ்வளவுதானே?”

அவர் வாயில் கையை விட்டு, மேல் வரிசையைக் கழற்றி, மேஜை மேல் விரித்திருந்த வெள்ளை வெல்வெட் துணியின் நட்டநடுவில் வைத்தார்.

“அளந்துக்குங்க.”

“ஈரம்!” என்று அலறினார் பொருளாளர். ஆளுக்கொரு அலமாரியைக் கட்டிக்கொண்டார்கள். முள் நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தாறுக்கு நகர்ந்தது. தொழில்நுட்ப உறுப்பினர் மட்டும் ஆசையை அடக்க முடியாமல் பாகைமானியோடு கிட்டே வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார். இரண்டு தடவை அளந்தார்.

“ஏழரை,” என்றார், மெதுவாக.

பல்செட்டுக்காரர் நம்பிக்கையோடு தலைவரைப் பார்த்தார். தலைவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

“நல்லது. கேமரா மேல குறை இல்லைன்னு நிரூபணமாயிடுச்சு. மன்றம் அதை ஒத்துக்குது. குறை பல்லுலதான். ஆகவே இந்தப் படத்தை அழிச்சிட்டு, பல்லை நேர் பண்ணிக்கிட்டு வாங்க. மறுசோதனை வச்சுக்கலாம்.”

செல்போன் சொன்னதையேதான் இவர்களும் சொல்கிறார்கள். இவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதிப் புத்தகம் இருக்கிறது.

அக்கா எழுந்தார். பல்லைக் கையில் எடுத்துக்கொண்டார். “கழுவணும். தண்ணி இருக்கா?”

“தண்ணியா? இங்கயா?” செயலாளருக்கு நாக்குக் குழறியது.

“சரி, அப்ப அந்தக் கேமராவைக் குடுங்க. ரசீது யார் பேர்ல இருக்கு?”

“உ... உங்க தம்பி பேர்ல.”

“டேய், ரசீதை எடு.”

தம்பி எடுத்துக் காட்டினார். அக்கா அதை வாங்கி, நாளும் எண்ணும் பார்த்து, முப்பது வருஷம் டிக்கெட் பார்த்த பார்வையால் செயலாளரை ஏற இறங்கப் பார்த்தார். பல்லில்லாத வாயோடு, ஒரு கையில் பல்லோடு, மற்றக் கையை நீட்டினார். செயலாளர் கேமராவைக் கொடுத்துவிட்டார். அந்தப் பார்வைக்குக் கொடுக்காதவர்கள் யாரும் கிடையாது.

“விதி முப்பத்தொண்ணு!” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“அதை வச்சுக்கோங்க,” என்றார் அக்கா. “வாடா.”

கீழே லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. துரத்தி வரலாம் என்று படியில் பாதி இறங்கின இரண்டு பேர் தூறலைப் பார்த்ததும் மார்பைப் பொத்திக்கொண்டு மேலே ஓடிப்போனார்கள். அக்கா தெருக்குழாயில் பல்லைக் கழுவி, உதறி, மாட்டிக்கொண்டார். தாடையை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார்.

“ம். இப்ப எடு. குடையா நிக்கவா, அக்காவா நிக்கவா?”

தம்பி எடுத்தார். ஒன்று, இரண்டு, பத்து. அக்கா குழாயடியில் சிரித்தார், செருப்புக் கடை வாசலில் சிரித்தார், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினார், திட்டிக்கொண்டே சிரித்தார். முப்பது வருஷம் பார்க்காத முகங்களை எல்லாம் சேர்த்து எடுக்கிற மாதிரி தம்பியின் விரல் அழுத்திக்கொண்டே இருந்தது.

“டேய், மேல பாருடா,” என்றார் அக்கா. “எல்லாரும் எழுந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறாங்க. யாராவது தவறிட்டாங்களா?”

தம்பி கேமராவை மாடி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். அடைத்த கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். தலைவர் கண்ணை மூடியிருந்தார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்து இரண்டு நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தார். பின்னால் பலகையில் ஏதோ எழுதியிருந்தது. உண்மையிலேயே நல்ல லென்ஸ். கடைசி மூலை வரைக்கும் படிக்க முடிந்தது. மேலே ஒரு நீளமான வரிசை எண். அதற்குக் கீழே, ‘தோற்றம்: சனி, மாலை 4.05. மறைவு: சனி, மாலை 4.50.’

“யாராம்?” என்றார் அக்கா.

“நம்ம கேமராதான்க்கா.”

அக்காவுக்கு நிற்க முடியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தம்பி அழுத்தினார், அழுத்தினார், அழுத்தினார். மாடியில் தொழில்நுட்ப உறுப்பினர் குனிந்த தலை நிமிராமல், கிளிக்குக்கு ஒன்றாகக் கையுறை விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் தீர்ந்ததும் விம்மி அழ ஆரம்பித்தார்.